பல்லரோவின் கீழே ஓடும் ஆறும் கொமூனேயின் வரைபடமும்



சில வருடங்களுக்கு முன்னர், ஒரு மாரிகால இரவில், பல்லரோச் சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில் குடியிருக்கும் எங்கள் ஊர் அம்மா ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, வீட்டுக்குள்ளை வெள்ளம் வந்திட்டுது. இவருக்கு மூச்சு இழுக்குது. எனக்கு அவையின்ரை பாஷையிலை சொல்லத் தெரியேல்லை" என்றார். நான் உடனே அவசர சேவையை அழைத்தேன். மறுமுனையில் பேசிய பெண் மிகவும் பொறுமையாகக் கேட்டார். எந்தத் தெரு? எத்தனையாம் இலக்கம்? எந்தக் கொர்த்தீலே? என்னிடம் இருந்த விலாசம் "மீன்காரன்ரை மூலையாலை திரும்பி, இரண்டாவது வளைவுக்குள்ளை, பச்சைக் கதவு" என்பதுதான். பத்து வருடமாகப் போய் வந்த வீடு. அதன் இலக்கம் எனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது, கதவிலும் எழுதியிருக்கவில்லை. கடைசியில் நான் ஓடிப்போய்ச் சந்தியில் நின்று கையைக் காட்டித்தான் அம்புலன்ஸைக் கூட்டிவந்தேன். ஐயா தப்பிவிட்டார். ஆனால் சந்தியில் மழைக்குள் நின்ற அந்த இருபது நிமிடங்களை என்னால் மறக்க முடியவில்லை.

அந்த இரவுக்குப் பிறகுதான் ஒரு நகரசபை தன் ஊரை எப்படி அறிந்து வைத்திருக்கிறது என்பதைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். அதைப் பற்றித்தான் இம்மாத உரை. விடயத்தின் பெயர் புவியியல் தகவல் முறைமை. சுருக்கமாக ஜீ.ஐ.எஸ். என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இது எங்களுக்குப் புதிய சங்கதி அல்ல.

ஊரில் எங்கள் விதானையாரை நினைத்துப் பாருங்கள். யாருடைய காணி எதுவரைக்கும், எந்தக் கிணறு கோடையிலும் வற்றாது, மாரியில் எந்த ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும், எந்த வீட்டில் நடக்கமாட்டாத கிழவி தனியே இருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இடத்தையும் அந்த இடத்தைப் பற்றிய செய்தியையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு மனதில் வைத்திருந்தார். ஜீ.ஐ.எஸ். செய்வதும் அதுவேதான். ஆனால் இது கணினியில் இருக்கிறது. விதானையார் ஓய்வு பெற்றாலும் இது அழியாது, ஆறரை இலட்சத்துக்குக் கிட்டிய சனம் வாழும் ஒரு நகரத்துக்கும் தாக்குப்பிடிக்கும்.

இதை விளங்கிக்கொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. எண்ணெய் தடவிய, ஊடுருவித் தெரியும் கடதாசிகள் சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் தெருக்களை வரையுங்கள். இரண்டாவதில் கட்டடங்களும் அவற்றின் கதவிலக்கங்களும். மூன்றாவதில் நிலத்தின் மேடு பள்ளம். நான்காவதில் மழைநீர் வாய்க்கால்கள். ஐந்தாவதில் குடியிருப்போர் விபரம். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், தனித்தனியாகப் பார்க்கும்போது தெரியாத ஒன்று தெரியவரும். பள்ளத்தில், வாய்க்கால் அடைபட்ட இடத்தில், நிலமட்ட அறையில், வயதானவர்கள் வாழும் வீடுகள் எவை என்ற கேள்விக்குச் சில விநாடிகளில் பதில் கிடைக்கும். 1960களில் ரோஜர் ரொம்லின்சன் என்பவர் கனடா அரசுக்காக நிலவளக் கணக்கெடுப்பை இப்படிக் கணினியில் ஏற்றத் தொடங்கியதுதான் இந்தத் துறையின் ஆரம்பம். இன்று ஐரோப்பிய நாடுகள் இத்தகைய தகவல்களை ஒரே ஒழுங்கில் வைத்திருந்து பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதற்கு 2007ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பணிப்புரை இருக்கிறது. இத்தாலி அதை 2010இல் தனது சட்டமாக்கியது.

சரி, இது எங்கள் பல்லரோவுக்கு ஏன் முக்கியம்? நாம் தினமும் மரக்கறி வாங்கும் அந்த இடத்தின் நிலத்துக்கு ஒரு கதை இருக்கிறது.

பழைய பலெர்மோ இரண்டு ஆறுகளுக்கு நடுவே நாக்குப்போல நீண்டிருந்த மேட்டில் அமைந்த நகரம். வடக்குப் பக்கம் பாபிரேத்தோ, தெற்குப் பக்கம் கெமோனியா. இரண்டும் இன்றைய காலாத் துறைமுகப் பக்கமாகக் கடலில் விழுந்தன. கெமோனியாவுக்கு இன்னொரு பெயர் 'மால்தெம்போ', அதாவது கெட்ட காலநிலை ஆறு. எங்கள் வழுக்கையாறு போல மழைக்குத்தான் அது ஓடும். ஓடும்போது பொல்லாத ஆறு. 1557 செப்டெம்பரில் வந்த வெள்ளத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்ததாக வரலாறு சொல்கிறது. காலப்போக்கில் இரு ஆறுகளையும் திசைதிருப்பி, மூடி, மேலே தெருக்களை அமைத்தார்கள். அரச மாளிகைப் பக்கமிருந்து பல்லரோவை நோக்கி இறங்கி வரும் வியா போர்த்தா தி காஸ்த்ரோ, கெமோனியாவின் பழைய படுக்கையில்தான் போகிறது. சந்தைக்குக் கிட்ட உள்ள வியா பொந்திச்செல்லோ என்ற பெயருக்குச் சிறு பாலம் என்று பொருள். இன்று அங்கே போய்ப் பாருங்கள், பாலமும் இல்லை, ஆறும் இல்லை. ஆனால் தண்ணீர் தன் பழைய வழியை மறக்கவில்லை. 1931 பெப்ரவரியில் மூன்று நாட்கள் விடாமல் மழை பெய்தபோது, பழைய நகரின் பள்ளப் பகுதிகள் மறுபடியும் வெள்ளத்தில் மூழ்கின.

அண்மைக்காலத்து உதாரணம் உங்கள் பலருக்கு நினைவிருக்கும். 2020 யூலை 15, சாந்தா ரொசாலியாவின் திருநாட் காலம். பின்னேரம் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் 100 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. வியாலே ரெஜியோனே சிசிலியானாவின் கீழ்ப்பாதைகள் குளங்களாகின. வாகனங்கள் மூழ்கின. மனிதர்கள் கார்களை விட்டு நீந்தி வெளியேறினார்கள். வேலை முடிந்து வந்துகொண்டிருந்த எங்கள் ஆட்களும் அந்தத் தெருவில் அகப்பட்டார்கள். மழையை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் எந்தக் கீழ்ப்பாதை முதலில் நிரம்பும், எந்த வாய்க்காலை மாரிக்கு முன்னரே துப்புரவாக்க வேண்டும், எந்தச் சந்தியில் போக்குவரத்தை மறிக்க வேண்டும் என்பதையெல்லாம் வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்து வைக்கலாம். சிசிலி மாகாண அரசு வெள்ளமும் மண்சரிவும் ஏற்படக்கூடிய இடங்களை ஆர் 1 முதல் ஆர் 4 வரை நான்கு தரங்களாகப் பிரித்து வரைபடங்கள் வெளியிட்டிருக்கிறது. ஆர் 4 என்றால் மிகக் கூடிய ஆபத்து. இவை இரகசியமானவை அல்ல. இணையத்தில் எவரும் பார்க்கலாம்.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம் இருக்கிறது. இந்த முறைமை எவ்வளவு கெட்டித்தனமானதாக இருந்தாலும், அதில் ஏற்றப்படாத ஆளை அது காணாது. ஒரு நிலமட்ட அறையில் ஐந்து பேர் இருக்கிறார்கள், கொமூனேயின் பதிவில் ஒருவர்கூட இல்லை என்றால், வரைபடத்தைப் பொறுத்தவரையில் அது வெறும் களஞ்சிய அறை. வெள்ளம் வந்தால் அந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று எவருக்கும் தோன்றாது. எத்தனை பிள்ளைகளுக்குப் பாடசாலை இடம் வேண்டும், எந்தத் தெருவுக்கு எத்தனை குப்பைத்தொட்டி வேண்டும் என்ற கணக்கிலும் அவர்கள் இல்லை.

எங்கள் ஆட்கள் ஏன் பதியாமல் இருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்காத விடயம் அல்ல. சிலருக்கு வீட்டுக்காரர் சம்மதிப்பதில்லை. சிலருக்கு அலைச்சல். ஆனால் மூத்தவர்கள் பலரிடம் வேறொரு பயம் இருக்கிறது. 1983 யூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். அதன் பின்னர் எத்தனை பதிவுகள், எத்தனை சோதனைச் சாவடிகள். பெயரும் விலாசமும் ஒரு தாளில் இருப்பதே ஆபத்து என்று அனுபவம் எங்களுக்குப் படிப்பித்தது. அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

ஆனால் அதே எங்கள் மண்ணில் இன்னொன்றும் நடந்தது. போருக்குப் பிறகு கண்ணிவெடி அகற்றியவர்கள், வெடி புதைக்கப்பட்ட இடங்களை இதே ஜீ.ஐ.எஸ். முறையில்தான் வரைபடமாக்கினார்கள். எந்தக் காணி துப்புரவாக்கப்பட்டது, எதில் இன்னும் கால் வைக்கக்கூடாது என்பதை அது காட்டியது. ஒரு குடும்பம் தன் வளவுக்குத் திரும்பிப் போகலாமா இல்லையா என்பதை அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. ஆகவே பட்டியலும் வரைபடமும் யார் கையில் இருக்கின்றன, எந்தச் சட்டத்துக்குக் கீழ் இருக்கின்றன என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். இங்கே 2018 மே 25 முதல் ஐரோப்பிய தரவுப் பாதுகாப்பு விதி நடைமுறையில் இருக்கிறது. உங்களைப் பற்றி என்ன தகவல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும், பிழையிருந்தால் திருத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைப் பாவியுங்கள். விழிப்பாக இருங்கள். பயத்தால் மட்டும் மறைந்திருக்க வேண்டாம்.

இன்னொரு சம்பவத்தையும் நினைவூட்டுகிறேன். 2023 யூலை 5ஆம் திகதி மத்தியானம் சிசிலி முழுவதும் கைத்தொலைபேசிகள் ஒரேயடியாக அலறினவே, ஞாபகமா? வேலை செய்யும் வீட்டில் பாத்திரத்தைக் கைநழுவ விட்டவர்களும் உண்டு. அது 'இத்-அலேர்ட்' என்ற எச்சரிக்கை முறையின் பரீட்சை. ஒரு பகுதியில் இருக்கும் தொலைபேசிக் கோபுரங்கள் அங்குள்ள கைத்தொலைபேசிகளுக்கெல்லாம் செய்தி அனுப்புகின்றன. உங்கள் பெயரும் இலக்கமும் அதற்குத் தேவையில்லை. ஆனால் அது எச்சரிக்க மட்டுமே செய்யும். அம்புலன்ஸ் வந்து நிற்க வேண்டுமென்றால் கதவிலக்கம் வேண்டும்.

ஆகவே நேயர்களே, இந்த வாரமே செய்யக்கூடிய சில வேலைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, உங்கள் வீட்டின் சரியான தெருப் பெயரையும் கதவிலக்கத்தையும் கொர்த்தீலேயின் பெயரையும் இத்தாலிய எழுத்தில் பெரிதாக எழுதிக் கதவுக்கு உட்பக்கம் ஒட்டுங்கள். அவசரத்தில் வயதானவர்களும் பிள்ளைகளும் அதைப் பார்த்து 112க்கு வாசிக்கலாம்.

இரண்டாவது, வீடு மாறினால் 20 நாட்களுக்குள் ரெசிதென்சாவை மாற்றுங்கள். அதன் பிறகு 45 நாட்களுக்குள் மாநகரப் பொலிஸார் வந்து பார்க்கக்கூடும். அழைப்புமணியில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். பெயர் இல்லாததால் "ஆள் இல்லை" என்று திரும்பிப் போன கதைகள் எனக்குத் தெரியும்.

மூன்றாவது, பெர்மெஸ்ஸோ புதுப்பித்த 60 நாட்களுக்குள், தொடர்ந்து அதே இடத்தில் வசிப்பதாக அனாகிராபேக்கு அறிவிக்க வேண்டும். பலர் இதை அறியாமல் விடுகிறார்கள். அப்படி விட்டால் பெயர் பதிவிலிருந்து நீக்கப்படக்கூடும்.

நான்காவது, தெருவில் வாய்க்கால் அடைத்திருந்தால், விளக்கு எரியாவிட்டால், "சந்தைப் பக்கம்" என்று சொல்லாமல் தெருவும் இலக்கமும் குறிப்பிட்டு எழுத்தில் முறையிடுங்கள். அப்பொழுதுதான் அது வரைபடத்தில் ஒரு புள்ளியாக விழும். ஒரே இடத்தில் பத்துப் புள்ளிகள் விழுந்தால் அதை ஒளிக்க முடியாது. 2013 முதல் பலெர்மோவில் வெளிநாட்டவர் பிரதிநிதித்துவத்துக்கென ஏற்படுத்தப்பட்ட கொன்சுல்தா தெல்லே குல்த்தூரே இருப்பதையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக, இங்கே படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசமானது. பலெர்மோ கொமூனேயின் திறந்த தரவுப் பக்கத்திலிருந்து தகவல்களை இறக்கி, உங்கள் தெருவை நீங்களே வரைந்து பார்க்கலாம். அம்மா, அப்பாவிடம் ஊர் வீட்டைச் சுற்றி என்ன இருந்தது என்று கேட்டு அதையும் வரையுங்கள். கிணறு எங்கே, படலை எந்தப் பக்கம், வெள்ளம் எந்த வழியால் ஓடியது என்று அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

அந்த அம்மாவின் பச்சைக் கதவில் இப்போது இலக்கம் எழுதியிருக்கிறது. கீழே இத்தாலிய எழுத்தில் ஐயாவின் பெயரும் இருக்கிறது. எழுதும்போது அம்மா, "எல்லாருக்கும் தெரியிற மாதிரி ஏன் தம்பி இவ்வளவு பெரிசு?" என்று கேட்டார். "தெரியத்தான் வேணும் அம்மா" என்றேன்.