மீன் தொட்டிக் கண்ணாடியில் கீறல்: எதைத் தேய்க்கலாம், எதை விடலாம்?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

டிப்ளமோ படிக்கிறவன் என்று தெரிந்துவிட்டால் போதும், மிக்ஸியிலிருந்து மோட்டார் வரை ரிப்பேருக்கு நம்மிடம்தான் வரும். எங்கள் பனமரத்துப்பட்டியில் என்னிடம் அடிக்கடி வருகிற கேள்வி இது: "தம்பி, மீன் தொட்டியில கீறல் விழுந்திருச்சு, எடுக்க முடியுமா?" அதற்கு நான் சொல்லும் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். நாம் படித்த ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடம் இதில் நன்றாகவே உதவும்.

முதலில், அது கீறல்தானா என்று பாருங்கள். நம் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அது காய்ந்து படிந்த வெள்ளைக் கோட்டையே கீறல் என்று நினைப்பவர்கள் உண்டு. தொட்டியின் வெளிப்பக்கத்தில் துணியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்துப் பாருங்கள். போய்விட்டால் அது உப்புக் கறை. வேலை முடிந்தது.

போகவில்லை என்றால் கீறல்தான். அது எப்படி வந்தது? மோஸ் கடின அளவில் கண்ணாடி சுமார் 5.5. மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸ் 7. பாசி துடைக்கும் ஸ்பாஞ்சில் ஒரே ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் அது உளி மாதிரி கோடு போட்டுவிடும். பலரும் சொல்லும் பற்பசை வைத்தியம் ஏன் பலிப்பதில்லை என்பதும் இதிலேயே தெரியும். சாதாரணப் பற்பசையில் இருக்கும் சுண்ணாம்புத் தூளின் கடினம் 3தான். அது கண்ணாடியை என்ன செய்யும்?

அடுத்த கேள்வி முக்கியமானது. கீறல் உள்பக்கமா, வெளிப்பக்கமா?

உள்பக்கக் கீறலுக்குள் தண்ணீர் நிறைந்திருக்கும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. கண்ணாடியும் காற்றும் சேரும் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கண்ணாடியும் தண்ணீரும் சேரும் இடத்தில் அது அரை சதவீதம்கூட இல்லை. அதனால்தான் காலித் தொட்டியில் பளிச்சென்று தெரிந்த கீறல், தண்ணீர் ஊற்றியதும் மங்கிப் போகிறது. உள்ளே இருப்பது மயிரிழைக் கீறல் என்றால் மீனையெல்லாம் வெளியே எடுத்துப் பாடுபட வேண்டாம், விட்டுவிடுங்கள்.

வெளிப்பக்கக் கீறல் அப்படியல்ல. 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரமுள்ள தொட்டி முழுக்க நிறைந்தால் சுமார் 182 லிட்டர். முன் கண்ணாடியைத் தண்ணீர் தள்ளும் மொத்த விசையைக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 91 கிலோ எடை வருகிறது. கண்ணாடி வெளியே லேசாகப் புடைக்கும். அப்போது நடுப்பகுதியின் வெளிப்பரப்பு இழுவிசையிலும் உள்பரப்பு அமுக்கத்திலும் இருக்கும். கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. கீறலின் நுனியில் தகைவு பல மடங்கு குவியும் என்பதை இங்கிலிஸ் 1913-லேயே கணக்கிட்டுக் காட்டினார். கண்ணாடிக் கடைக்காரர் மேலே ஒரு கோடு கீறி, அந்தக் கோடு விரியும்படி வளைத்து உடைப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே தத்துவம்தான்.

ஆகவே நகத்தால் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கக் கீறலில் நகம் மாட்டினால் பாலிஷ் பேச்சே வேண்டாம். தண்ணீரை இறக்கிவிட்டு அந்தக் கண்ணாடியையே மாற்றச் சொல்லுங்கள். கீறலை எடுப்பது என்றால் பள்ளத்தை நிரப்புவது அல்ல; சுற்றியுள்ள கண்ணாடியைப் பள்ளத்தின் அடிமட்டம் வரை தேய்த்து இறக்குவது. ஆழமான கீறலை அப்படி இறக்கினால் அந்த இடம் லென்ஸ் மாதிரி ஆகி, மீன் நெளிந்து தெரியும்.

நகம் மாட்டாத கீறலுக்குச் சீரியம் ஆக்சைடு பவுடர் சரியான மருந்து. செய்முறை இதுதான்:

1. தொட்டியைக் காலி செய்யுங்கள். ஹீட்டர், மோட்டார் பிளக்குகளைப் பிடுங்கிவிடுங்கள்.
2. கீறலுக்கு நேர் மறுபக்கத்தில் மார்க்கர் பேனாவால் வட்டம் போடுங்கள். பவுடர் பூசிய பிறகு கீறல் கண்ணுக்குத் தெரியாது.
3. பவுடரைத் தண்ணீரில் கெட்டிப் பால் பதத்துக்குக் கரையுங்கள்.
4. ஃபெல்ட் துண்டால் வட்டமாகத் தேயுங்கள். டிரில்லிங் மெஷினில் ஃபெல்ட் மாட்டினால் குறைந்த வேகம் போதும். ஈரக் கையோடு மெஷினைத் தொடாதீர்கள்.
5. காய விடாதீர்கள். கண்ணாடி சுட்டால் நிறுத்துங்கள். ஓரிடத்தில் மட்டும் சூடேறினால் விரிசல் விடும்.
6. முடிந்ததும் நல்ல தண்ணீரில் மட்டும் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். ஓரத்து சிலிக்கான் பசையில் ஃபெல்ட் படக்கூடாது.

அக்ரிலிக் தொட்டிக்கு இந்த முறை வேண்டாம். அது மெதுவானது, அதற்கு வேறு பாலிஷ் இருக்கிறது.

சீரியம் ஆக்சைடு வெறும் அரம் அல்ல. தண்ணீர் கண்ணாடியின் மேல்தோலை இளக்க, சீரியம் அந்தச் சிலிக்காவோடு வேதிப் பிணைப்பு கொண்டு அணு அணுவாகப் பிய்த்து எடுக்கிறது. அதனால்தான் கண்ணாடி மங்காமல் பளபளப்பு வருகிறது. இந்தச் சீரியம் நம் தமிழ்நாட்டு மணலிலேயே இருக்கிறது! கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் தாதுவில் அரிய மண் தனிமங்களில் அதிகமாக இருப்பது இதுதான். 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனத்துக்கு அங்கே ஆலை உண்டு. கீறலைப் போடுவதும் மணல், எடுப்பதும் மணல்!

கடைசியாக ஒன்று. தொட்டிக்கு முன்னால் மூக்கை ஒட்டிக்கொண்டு மீன் பார்ப்பது பெரும்பாலும் வீட்டுச் சின்னப் பிள்ளைகள்தான். "கண்ணுக்குத் தெரியாமல் பண்ணிக் கொடு" என்று யாராவது கேட்டால், நாம் முதலில் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். மாற்ற வேண்டிய கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும் என்று தைரியமாகச் சொல்வதும் டெக்னீஷியன் வேலைதான்.