விழுந்த தென்னைகளை அகற்றுவது

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. சல்லிவேர்க் கொத்துதான் மரத்தைத் தாங்குகிறது. பலத்த காற்றில் அது மண்ணோடு பெயர்ந்துவிடும். வேர் பிடித்து நின்ற மரங்கள் பல, கொண்டை முறிந்து மொட்டையாயின. தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து என்பதால் அவையும் திரும்பத் துளிர்க்காது. ஆகவே நிற்கிற மொட்டை மரமும் அகற்ற வேண்டிய கழிவுதான்.

முதலில் சாலைகளிலும் மின்பாதைகளிலும் கிடக்கும் மரங்களை வெட்டுவார்கள். மின்சாரம் நிறுத்தப்பட்டதை உறுதிசெய்யாமல் கம்பிமேல் சாய்ந்த மரத்தில் கைவைக்கக் கூடாது. வேரோடு சாய்ந்த மரத்தை அறுப்பதும் ஆபத்தானது: பாரம் குறைந்ததும் அடித்தூர் சட்டென்று பள்ளத்துக்குள் திரும்பிச் சரியும், அருகில் நிற்பவர் நசுங்கிப்போகலாம். அதற்குப் பிறகு வீடுகளும் வாய்க்கால்களும். தோப்பின் முறை கடைசியில்தான் வரும்.

அங்கேதான் வேலை மலைக்கவைக்கிறது. ஈர மரம் எரியாது. வெளிப்புறம் வைரம், உள்ளே சோறு என்பதால் பலகைக்கும் முழு மரம் உதவாது. அறுத்த துண்டுகளைத் தூக்க ஆள், அடித்தூரைத் தோண்ட ஜேசிபி, ஏற்றிப்போக வண்டி என்று எல்லாத் தோப்புகளுக்கும் ஒரே சமயத்தில் தேவை. கஜா புயல் இழப்பீட்டில் மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் தனித்தனியே வைக்கப்பட்டன. அகற்றுவதை ஒரு செலவாகவே கணக்கில் எடுத்தது மிகச் சரியான முடிவு.

ஏனென்றால் கிடக்கும் மரம் சும்மா மக்கிப்போவதில்லை. மக்கும் தண்டிலும் எருக்குழியிலும்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடுகிறது. புழு அங்கேயே பல மாதம் தின்று வளர்ந்து, வண்டாகி, பிழைத்த மரங்களின் குருத்தைத் துளைக்கிறது. புதிதாக நட்ட கன்றையும் அது விடுவதில்லை. குருத்து அழிந்தால் கன்று செத்தே போகும். புயலில் தப்பிய மரத்தை அடுத்த ஆண்டு வண்டுக்குப் பறிகொடுப்பது விவசாயிக்கு இரட்டைக் கொடுமை.

எடுத்துச் செல்ல முடியாத தண்டை நீளவாக்கில் பிளந்து வெயிலில் காயப்போடலாம். ஈரம் போனால் புழு வளராது. மட்டைகளையும் கீற்றுகளையும் பொடியாக நறுக்கி மூடாக்காகப் பரப்பலாம். எருக்குழிகளில் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையை இட்டால் அது புழுக்களுக்கு நோய் உண்டாக்கிக் கொல்லும். அடித்தூர் எடுத்த பள்ளங்களை மூடி, தோப்பு துப்புரவான பிறகுதான் புதுக்கன்றுக்குக் குழி எடுக்க வேண்டும். நெட்டை ரகம் காய்க்க அதன்பின் ஆறேழு ஆண்டுகள் ஆகும்.