எர்த் போல்ட்டில் தொலையும் வோல்ட்

சிறிய கார் ஒன்றில் செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுழற்றும்போது சுமார் 150 ஆம்பியர் இழுக்கும். பிளஸ் கேபிளில் போன மின்னோட்டம் அத்தனையும் இன்ஜின் பிளாக், எர்த் கேபிள், பாடி வழியாகப் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பியாக வேண்டும். சர்க்யூட்டில் பாதி இதுதான். ஆனாலும் பட்டறைகளில் பேட்டரி, செல்ஃப், ரிலே எல்லாம் மாற்றிப் பார்த்த பிறகே எர்த்தின் நினைவு வருகிறது.

25 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் 1 மீட்டருக்கு மின்தடை 0.0007 ஓம். 150 ஆம்பியர் ஓடினால் இழப்பு 0.1 வோல்ட். இது நல்ல எர்த். போல்ட்டுக்கு அடியில் துருவோ பெயின்ட்டோ சேர்ந்து 0.01 ஓம் கூடிவிட்டால், அதே மின்னோட்டத்துக்கு இழப்பு 1.5 வோல்ட். நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டும் நல்ல பேட்டரியே செல்ஃப் அடிக்கும்போது 10.5-ஐ ஒட்டி இறங்கும், அதில் 1.5 போனால் மோட்டாருக்கு மிச்சம் 9. போன 1.5 வோல்ட் அந்த ஒரு போல்ட்டில் 225 வாட் வெப்பமாகிறது. இன்ஜின் எர்த் அறுந்தே போயிருந்தால், மின்னோட்டம் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்த்து அதைக் கருக்கிவிடுவதும் உண்டு.

இந்த 0.01 ஓமைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் தேடுவது வீண். பல மீட்டர்களில் கடைசி இலக்கமே 0.1 ஓம், மீட்டர் ஒயர்களின் தடையே அதைவிட அதிகம். கன்டினியூட்டி அளவில் வைத்தாலோ, பத்துப் பதினைந்து ஓம் தடை இருந்தாலும் பீப் அடிக்கும். கேபிளில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் ‘எர்த் சரி’ என்றுதான் மீட்டர் சொல்லும். அந்த இழை 150 ஆம்பியரைத் தாங்காது.

ஆகவே லோடு ஓடும்போது வோல்ட்டை அளக்க வேண்டும். கறுப்பு முனை பேட்டரியின் மைனஸ் கம்பத்தில், அதாவது கிளாம்ப்பின் மேல் அல்ல, ஈயக் கம்பத்தின் மேலேயே. சிவப்பு முனை இன்ஜின் பிளாக்கில். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி, 0.5-ஐத் தாண்டினால் குற்றவாளி அந்தப் பாதையில்தான். பிறகு சிவப்பு முனையைக் கிளாம்ப், கேபிள் லக், போல்ட், பாடி என்று ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே எண் தாவுகிறதோ, பழுது அங்கே.

விளக்குகளில் மின்னோட்டம் குறைவு, ஆபத்து குறைவல்ல. 55 வாட் ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர். பொது எர்த்தில் 0.13 ஓம் இருந்தால் 1.2 வோல்ட் போய்விடும், அதாவது பத்தில் ஒரு பங்கு. ஹாலஜன் பல்பில் இதற்கு வெளிச்சம் ஏறத்தாழ 30 விழுக்காடு மங்கும். இரவுச் சாலையில் நடந்து போகிறவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. விளக்கு எர்த்தில் 0.1 வோல்ட்டுக்கு மேல் விடக் கூடாது. பிரேக்கை மிதித்தால் பார்க்கிங் விளக்கோ இண்டிகேட்டரோ லேசாக எரிகிறதென்றால் அளக்காமலே சொல்லலாம்: பின்விளக்கின் எர்த் போய்விட்டது, மின்னோட்டம் பக்கத்து பல்பின் இழை வழியாகத் திரும்புகிறது.

செலவைப் பாருங்கள். சிறிய காரின் புது பேட்டரி சில ஆயிரம் ரூபாய். மல்டிமீட்டர் சில நூறு. உப்புத்தாள், புது போல்ட், பல் வாஷர், கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி எல்லாம் சேர்ந்தும் புது பேட்டரி விலையில் சிறு துண்டுதான். முதலில் மைனஸ் கிளாம்ப்பைக் கழற்றுங்கள். பெயின்ட் போய் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, அதன் பிறகே ஜெல்லி தடவுங்கள். முடித்ததும் செல்ஃப் அடித்து மறுபடி அளக்க வேண்டும், 0.2-க்குக் கீழே வரவில்லையென்றால் கேபிளையே மாற்றிவிடுங்கள்.