கையை விட்டவர் யார்? ‘டாக்டர் ஷிவாகோ’ கண்டவர்களின் கருத்துகளும் நம் சிந்தனையும்

ஒரு திரைப்படம் முடிந்து அரங்கில் விளக்குகள் எரியும்போது, பார்த்தவர்களின் கண்கள் கலங்கியிருந்தால் அப்படம் வெற்றி பெற்றது என்பார்கள். ‘டாக்டர் ஷிவாகோ’ அத்தகைய படம். ஆனால், அந்தக் கண்ணீர் யாருக்காகச் சிந்தப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். அங்கேதான் கருத்து வேற்றுமை தொடங்கும். ஒரே வரிசையில் அமர்ந்து பார்த்த கணவனும் மனைவியும்கூட ஒரே விடையைத் தருவதில்லை.

ரஷ்ய எழுத்தாளர் போரிஸ் பாஸ்டர்நாக் எழுதிய நாவலைத் தழுவி, ஆங்கில இயக்குநர் டேவிட் லீன் இப்படத்தை 1965-ஆம் ஆண்டு வெளியிட்டார். நாவலைச் சோவியத் நாட்டில் அச்சிட இடம் தரவில்லை. 1957-இல் அது இத்தாலியில் வெளிவந்தது. 1958-இல் ஆசிரியருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அரசின் நெருக்குதலால் அவர் அதை மறுக்க நேர்ந்தது. 1960-இல் அவர் இறந்தார். அவருடைய சொந்த நாட்டு மக்கள் 1988-இல்தான் அந்நூலைத் தங்கள் நாட்டு அச்சில் படித்தார்கள்.

படத்தைப் பற்றிய அபிப்பிராயங்களும் தொடக்கத்திலிருந்தே இரண்டுபட்டன. நாட்டையே உலுக்கிய புரட்சியை ஒரு காதல் கதையாகச் சுருக்கிவிட்டார்கள் என்று விமரிசகர் பலர் குறை கூறினர். பொதுமக்களோ மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் இப்படத்தைத் திரண்டு வந்து பார்த்தனர். திரைக்கதை, ஒளிப்பதிவு, இசை உள்ளிட்ட 5 துறைகளில் அதற்கு ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன.

கதை இதுதான்

மருத்துவனும் கவிஞனுமான யூரி ஷிவாகோ, பெற்றோரை இழந்து, தன்னை வளர்த்த குடும்பத்தின் மகள் தோன்யாவை மணக்கிறான். லாரா வேறொரு குடும்பத்துப் பெண். இளம் பருவத்திலேயே, தன் தாய்க்கு ஆதரவாயிருந்த கோமரோவ்ஸ்கி என்பவனால் சீரழிக்கப்பட்டவள். பின்னர் அவள் பாஷா என்னும் புரட்சிக்கார இளைஞனை மணக்கிறாள். 1914-இல் மூண்ட உலகப் போர், 1917-இன் புரட்சி, அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போர் ஆகியவை இந்நால்வரையும் சருகுகள் போல் சுழற்றி அடிக்கின்றன. போர்முனை மருத்துவமனையில் யூரியும் லாராவும் சேர்ந்து பணியாற்றுகிறார்கள், பிரிகிறார்கள். பின்னர் யூரால் மலைப் பகுதியில் மீண்டும் சந்திக்கிறார்கள். அங்கே தகாத உறவு தொடங்குகிறது. முடிவில் எல்லாரும் எல்லாரையும் இழக்கிறார்கள்.

நாம் கேட்ட கருத்துகள்

இப்படத்தைக் கண்ட பலரோடு நாம் உரையாடியதுண்டு. அவர்கள் கூறியவற்றை மூன்றாக வகுக்கலாம்.

முதல் வகையினர் இளைஞர்கள். “குற்றம் அவர்களுடையது அன்று, போருடையது. வீடு, உணவு, நாளை என்ற நம்பிக்கை அனைத்தும் பறிபோன காலத்தில் இருவர் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டதில் என்ன பாவம்?” என்பது அவர்கள் வாதம்.

இரண்டாம் வகையினர் முதியவர்கள். “மனைவி இருக்கப் பிறன்மனை நாடியவன் கதையை இவ்வளவு அழகாகக் காட்டலாமா? கத்தோலிக்கர் இதைப் பார்க்கவே கூடாது” என்று அவர்கள் முடித்துவிடுகிறார்கள்.

மூன்றாம் வகையினர் பெரும்பாலும் தாய்மார்கள். அவர்கள் அதிகம் பேசுவதில்லை. “அந்தத் தோன்யா பாவம்” என்று மட்டும் சொல்கிறார்கள்.

முதல் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ரஷ்ய உள்நாட்டுப் போரில் களத்தில் மடிந்தவர்களைவிடப் பசியாலும் நோயாலும் மடிந்தவர்களே அதிகம். மாஸ்கோவில் யூரியின் வீட்டை அந்நியர்கள் பங்கிட்டுக்கொள்வதையும், விறகுக்காக வேலிப் பலகையைத் திருடும் நிலைக்கு ஒரு மருத்துவன் தாழ்வதையும் படம் காட்டுகிறது. அத்தகைய துயரத்தைப் பட்டறியாத நாம், பட்டவர்களுக்குத் தீர்ப்பு வழங்குவது எளிதன்று.

படமே தரும் சாட்சியம்

ஆயினும், படத்தைச் சற்றே கவனித்துப் பார்த்தால், போர்மேல் பழி போடும் வாதத்துக்குப் படமே எதிர்ச்சாட்சியாக நிற்பதைக் காணலாம்.

போர்முனை மருத்துவமனையில் யூரியும் லாராவும் மாதக்கணக்கில் ஒன்றாக உழைத்தார்கள். சுற்றிலும் இரத்தம், மரணம், ஒழுங்கு குலைந்த படை. கேட்பாரும் இல்லை, காண்பாரும் இல்லை. இருவர் உள்ளத்திலும் அன்பு அரும்பியும் இருந்தது. ஆனாலும் அவர்கள் தங்களைக் காத்துக்கொண்டார்கள். தோன்யாவிடம் பொய் சொல்ல வேண்டிய எதையும் அவர்கள் செய்யவில்லை. லாரா வண்டியேறிப் போனபின், மேசை மேலிருந்த சூரியகாந்தி மலரின் இதழ்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. படத்தின் உயரிய காட்சி அதுவே என்று நாம் கருதுகிறோம். காரணம், அங்கே காதல் இருக்கிறது, துறவும் இருக்கிறது.

எப்போது வீழ்ந்தார்கள்? குடும்பம் மாஸ்கோவை விட்டு, சரக்கு இரயிலில் அடைபட்டு, வரிக்கினோ என்னும் சிற்றூரை அடைந்த பிறகுதான். அங்கே இருக்க ஒரு குடில் இருந்தது. உழுது பயிரிட நிலம் இருந்தது. மனைவி, மகன், மாமனார் அனைவரும் உடனிருந்தார்கள். குளிர்காலம் போய் வசந்தம் வந்தது. மஞ்சள் மலர்கள் வெளியெங்கும் பூத்தன. அந்த அமைதியின் நடுவில்தான் யூரி பக்கத்து நகரான யூரியாத்தினின் நூலகத்துக்குப் போனான்; லாராவைக் கண்டான்.

ஆகவே, போரின் உச்சியில் காக்க முடிந்த ஒன்றை, ஓய்வு கிடைத்த வேளையில் அவன் காக்கவில்லை. போர் அவனிடமிருந்து பலவற்றைப் பறித்தது உண்மை. ஆனால், மணவுறுதியை அது பறிக்கவில்லை. அவனே தன் கையால் கொடுத்தான்.

பின்னர் அவனுக்கு உள்ளம் உறுத்தியது. தோன்யா இரண்டாம் முறை கருவுற்றிருந்தாள். லாராவிடம் விடைபெற்று வீடு திரும்பும் வழியில்தான் செம்படைக் கொரில்லாக்கள் அவனைப் பிடித்துச் சென்றார்கள். இங்கேதான் போர் உண்மையில் குற்றவாளி. திருந்தி வீடு நோக்கியவனுக்கு அது வழியடைத்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தப்பி ஓடிவருகையில், பனிவெளியில் ஒரு தாயையும் பிள்ளைகளையும் தொலைவில் கண்டு, தன் குடும்பமே என எண்ணித் தோன்யாவின் பெயரைக் கதறிக்கொண்டு ஓடுகிறான். அவர்கள் வேறு யாரோ. மனந்திரும்புதலைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு, நாளைக்கு என வைத்திருந்த வழி நாளைக்குத் திறந்திராமல் போகக்கூடும் என்பதற்கு இதைவிடக் கூரிய எடுத்துக்காட்டு வேண்டுமோ?

கல்லெறிய அன்று

அப்படியானால், பார்க்கவே கூடாது என்ற பெரியோரின் கருத்துதான் சரியா? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய விதித்தொகுப்பு, தீமையைச் சித்திரிப்பதும்கூட, அறநெறிக்கு உட்பட்டிருக்குமானால், மனிதனை ஆழ்ந்து அறியவும் உண்மை, நன்மைகளின் பெருமையை விளக்கவும் உதவக்கூடும் என்று கற்பிக்கிறது. அதே வேளையில், எதைப் பார்ப்பது என ஆய்ந்து தேர்வதைப் பார்வையாளரின் கடமையாகவும், பிள்ளைகளைக் காப்பதைப் பெற்றோரின் கடமையாகவும் அது வைக்கிறது. இப்படம் சிறுவர்க்கு ஏற்றதன்று. வளர்ந்தவர்களோ அதைக் கண்டு பயனடையலாம். கண்டபின் சிந்திக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

லாராவை மயக்குக்காரி என்று ஏசுவோரும் உண்டு. அது அநீதி. அவளைக் கெடுத்தவன் வயதிலும் வசதியிலும் மேம்பட்டவன். அவளோ பள்ளிச் சிறுமி. அவள் பாவசங்கீர்த்தனத்துக்குச் செல்லும் காட்சி ஒன்று உண்டு. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணுக்கு ஆண்டவர் கூறியதைக் குரு நினைவூட்டுகிறார். அவள் அதன்பின் பாவம் செய்யாதிருந்தாளா என்று கேட்கிறார். தெரியாது என்கிறாள் லாரா. எவருக்கும் தெரியாது என்கிறார் குரு. உடல் வலுவற்றது அன்று, வலிமை மிக்கது. திருமணம் என்னும் அருட்சாதனமே அதை அடக்கிக் காக்கும் என்று அறிவுறுத்தி அனுப்புகிறார். கண்டிப்பான சொல்தான். ஆனால், மணவாழ்வைச் சமூக ஒப்பந்தமாக மட்டும் காணாமல், மனித வலுவின்மைக்கு இறைவன் தந்த அரணாகக் காணும் சொல்.

அந்த அரணை இரண்டு ஆண்கள் உடைத்தார்கள். லாராவின் கணவன் பாஷா, தனி வாழ்வே மாண்டுவிட்டது என்று சொல்லிப் புரட்சிக்காக மனைவியையும் மகளையும் துறந்தான். தனி உணர்வே வாழ்வு என்று நம்பிய யூரியும் மனைவியை இழந்தான். ஒருவன் கொள்கையைத் தெய்வமாக்கினான். மற்றவன் காதலைத் தெய்வமாக்கினான். எதிரெதிர்த் துருவங்களாகத் தோன்றும் இருவரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே: இருவர் வீட்டிலும் தாய் தனியாக நின்றாள்.

திரைக்கு வெளியே நின்றவர்கள்

சார்லி சாப்ளினின் மகள் ஜெரால்டின் சாப்ளின் நடித்த தோன்யா, படத்தின் பிற்பகுதியில் திரையைவிட்டே மறைந்துவிடுகிறாள். கணவனைத் தேடி யூரியாத்தினுக்கு வந்து, லாராவையே சந்தித்து, அவளைப் பழிக்காமல் ஒரு கடிதம் விட்டுச் செல்கிறாள். குடும்பம் பாரிசுக்கு நாடுகடத்தப்படுகிறது. இரண்டாம் குழந்தையின் முகத்தை யூரி பார்க்கவே இல்லை. தோன்யாவுக்கென மனத்தை உருக்கும் இசையில்லை. உறைபனி மூடிய மாளிகையில் எழுதப்படும் கவிதையும் இல்லை. அந்த உறைபனியே மெழுகால் செய்யப்பட்டதாம்! எவ்வளவு எளிதில் மயங்கிவிடுகிறோம் நாம்! “தோன்யா பாவம்” என்ற தாய்மாரின் இரு சொற்களே, நாம் கேட்ட விமரிசனங்களுள் மிகவும் நுட்பமானவை என்போம்.

படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும், யூரியின் சகோதரனாகிய படைத்தளபதி ஓர் இளம் பெண்ணை விசாரிக்கிறார். அந்த வேடத்தில் நடித்தவர் 1956-இல் கத்தோலிக்கத் திருச்சபையைத் தழுவிய அலெக் கின்னஸ். அந்தப் பெண் யூரிக்கும் லாராவுக்கும் பிறந்த மகளாக இருக்கலாம் என்று எண்ணுகிறார். எப்படித் தொலைந்துபோனாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். தெரு தீப்பற்றி எரிந்தது, ஓடினோம், அப்பா என் கையை விட்டுவிட்டார் என்கிறாள் அவள். கையை விட்டவன் கோமரோவ்ஸ்கி. அவன் உன் தந்தை அல்லன் என்று அவர் விளக்குகிறார்.

இங்கே நம் நெஞ்சில் ஒரு கேள்வி எழுகிறது. கோமரோவ்ஸ்கி கயவன், விட்டுவிட்டான். ஆனால் நல்லவனான யூரி? தோன்யாவின் மகனுடைய கையை, பிறக்காத குழந்தையின் கையை, யார் விட்டது?

வாசகப் பெற்றோரே, நம் இல்லங்களில் உள்நாட்டுப் போர் இல்லை. ஆனால் “என் சூழ்நிலை அப்படி” என்ற சொல் உண்டு. தூரத்து வேலை, கடன், மாமியார் கொடுமை, புரிந்துகொள்ளாத துணை எனக் காரணங்களுக்குக் குறைவில்லை. சூழ்நிலை கொடியதாயிருக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஒற்றுமையாய் நின்ற தம்பதிகள், சற்று வசதி வந்தபின் பிரிந்ததையும் நாம் கண்டிருக்கிறோம். எனவே துன்ப நாளில் மட்டுமன்று, மலர்கள் பூத்திருக்கும் நாளிலும் விழித்திருப்போமாக.

இப்படத்தை வளர்ந்த பிள்ளைகளோடு பார்க்க வாய்த்தால், விளக்கு எரிந்ததும், “நீ யாருக்காக அழுதாய்?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டபின், தோன்யாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசுங்கள். பிறகு வீடு திரும்பும் வழியில், அவர்கள் எவ்வளவு வளர்ந்திருந்தாலும், அவர்கள் கையைப் பற்றிக்கொண்டு நடங்கள்.