சொல்லாமல் போகிறவர்கள்

1978-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளில் ராஜினாமாவைப் பற்றி ஒரு விதி உண்டு. ராஜினாமா செய்கிறவர் அதுவரை பார்த்த பணிக்காலம் முழுவதையும் இழப்பார். முறையான அனுமதி பெற்று இன்னோர் அரசுப் பணிக்குப் போகிறவருக்கு மட்டும் விலக்கு. மத்திய அரசின் விதிகளும் அப்படித்தான். பதினெட்டு ஆண்டு கோப்பு பார்த்த ஒரு எழுத்தர் மேலதிகாரியின் கொடுமை தாங்காமல் ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால், அந்தப் பதினெட்டு ஆண்டும் ஓய்வூதியக் கணக்கில் இல்லாமல் போய்விடும். அந்தக் கால அரசு ஊழியர்கள் ஏன் வேலையை விடவில்லை என்று கேட்டால் பொறுமை, விசுவாசம் என்றெல்லாம் காரணம் சொல்கிறார்கள். எனக்கு இந்த விதிதான் முதல் காரணமாகத் தெரிகிறது.

வேலை கிடைப்பதற்கு முன்பே, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பித்து, இண்டர்வியூ கார்டுக்குக் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. அப்படி வந்த வேலையை வைத்துத்தான் கல்யாணம், தங்கை கல்யாணம், கூட்டுறவு சொசைட்டிக் கடன் எல்லாம். 'வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்' என்று ஒருவர் வீட்டில் வாய்தவறிச் சொன்னால், ஊரிலிருந்து மாமனார் கிளம்பி வந்துவிடுவார்.

விட முடியாதவர்கள் பேசத்தானே வேண்டும்? பேசினார்கள். ஆனால் அதிகாரியின் முகத்துக்கு நேரே அல்ல. முதலில் தலைமை எழுத்தரிடம் போவார்கள். அவர் அதிகாரியின் நல்ல வேளை பார்த்து, 'சார், பையன் கொஞ்சம் மனசு விட்டுப்போய் இருக்கான்' என்று காதில் போடுவார். அதற்கு மேல் 'தக்க வழியாக' மனு. அதற்கும் மேல் சங்கம்: வாயிற்கூட்டம், கறுப்பு பேட்ஜ், மதிய உணவு இடைவேளையில் ஆர்ப்பாட்டம். இடமாறுதல், இன்கிரிமெண்ட், விடுப்பு, பஞ்சப்படி என்று எதற்கும் அங்கே வழி இருந்தது. மில்களுக்கும் ஆலைகளுக்கும் 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் ஒரு படி மேலே போனது. நூறு பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில், இரு தரப்பும் உட்கார்ந்து பேசும் பணிக்குழு அமைக்கும்படி அரசு உத்தரவிடலாம் என்றது.

இந்தப் பேச்சுரிமை சும்மா வந்ததல்ல. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்கை எடுக்க, பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணை நின்றார். சாப்பிட நேரம் கேட்டவர்களை நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்கு இழுத்தது. வாடியா மீது நட்டஈட்டு வழக்கும் தடையாணையும் வந்தன. அந்த அடிக்குப் பிறகுதான் சங்கம் வைப்பதற்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு மனமில்லை. சங்கத்தின் பட்டியலில் 'இந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை' என்பதற்கு இடமே கிடையாது. தினமும் அவமானப்படுத்தும் அதிகாரி, மூளைக்கு வேலையே தராத மேசை, பெண் ஊழியரைப் பெயர் சொல்லாமல் 'ஏம்மா' என்று அதட்டும் பழக்கம், இவற்றை எந்த மனுவில் எழுதுவது? எழுதினால் மெமோ வரும். இல்லாவிட்டால் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் வரும். வங்கிகளில் பலர் ஆபீசர் பதவி உயர்வே வேண்டாம் என்று கிளார்க்காகவே இருந்ததும் இந்த மாற்றலுக்குப் பயந்துதான். அலுவலகத்தில் விழுங்கியது வீட்டில் வெளிவந்தது. சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றும் சத்தத்திலிருந்தே அன்றைய அலுவலகம் எப்படி இருந்தது என்று கணித்த பிள்ளைகள் இன்று ஐம்பது வயதில் இருக்கிறார்கள்.

எத்தனை பேர் அப்படி அடக்கிக்கொண்டு இருந்தார்கள் என்பது 2000-01-இல் தெரிந்தது. பொதுத்துறை வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தன. பதினைந்து ஆண்டு பணி, அல்லது நாற்பது வயது இருந்தால் விண்ணப்பிக்கலாம். கதவைத் திறந்ததும் நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் வெளியேறினார்கள். எல்லோரும் மனக்குறையால் போனார்கள் என்று சொல்ல மாட்டேன். கையில் வந்த பணமும் ஒரு காரணம். ஆனாலும் பணத்துக்காக மட்டும் அத்தனை பேர் எழுந்து போயிருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை.

2000-ஆம் ஆண்டில்தான் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகமும் திறந்தது. அதன் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை, பழைய மகாபலிபுரம் சாலையே சொல்லும். 2003 ஏப்ரலில் தமிழக அரசுப் பணிக்குப் புதிதாக வருவோருக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் வந்தது. 2014-இல் வருங்கால வைப்பு நிதிக்கு யுஏஎன் என்ற ஒரே எண் வந்தது; எத்தனை கம்பெனி மாறினாலும் கணக்கு கூடவே வரும். வேலையோடு ஆளைக் கட்டிப்போட்ட கயிறுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. 2022 ஜூன் காலாண்டுக்கு இன்ஃபோசிஸ் வெளியிட்ட கணக்கில், விருப்பப்படி விலகியோர் விகிதம் 28.4 சதவீதம்.

இன்று வேலையை விடுவது எப்படி நடக்கிறது? ராத்திரி ஒன்பதரைக்கு கிளையண்ட் கால் முடிந்ததும் ஒரு பெண் ரெஸ்யூமேயைப் புதுப்பிக்கிறாள். 'பல் டாக்டர்கிட்ட போறேன்' என்று அரைநாள் லீவு போட்டு இண்டர்வியூ. ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு பேப்பர் போடுகிறாள். அதாவது கம்பெனி போர்ட்டலில் ஒரு பட்டனை அழுத்துகிறாள். மேனேஜருக்குத் தானாக ஒரு மெயில் போகிறது. அவர் பதறி அழைக்கிறார். "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" அவள், "பெட்டர் ஆப்பர்ச்சூனிட்டிதான், வேற ஒண்ணும் இல்லை" என்கிறாள். பிறகு 90 நாள் நோட்டீஸ் பீரியட். கடைசி வாரத்தில் எக்ஸிட் இண்டர்வியூ. அங்கேயும் அதே பதில்தான். ரிலீவிங் லெட்டர் இன்னும் கைக்கு வரவில்லை, அடுத்த கம்பெனி பின்புலம் விசாரிக்கும், பிறகு எதற்கு வம்பு?

அவள் பயப்படுவது நியாயம்தான். விலகும் எண்ணம் இருக்கிறது என்று தெரிந்தால், அப்ரைசலில் கைவைக்கும் மேனேஜர்கள் உண்டு. இருப்பதே கொஞ்சம் ஹைக், அதைப் போகிற ஆளுக்கு ஏன் தர வேண்டும் என்று கணக்குப் போடுவார்கள். நல்ல ப்ராஜெக்டிலிருந்து மெல்ல ஒதுக்குவார்கள். அன்றைய மெமோவுக்கு ஒரு நகலாவது இருந்தது. இதற்கு எந்தத் தாளும் கிடையாது. கூட்டாகப் பேச ஆளும் இல்லை. தகவல் தொழில்நுட்ப ஊழியர்களும் சங்கம் வைக்கலாம், சட்டத்தில் தடையில்லை என்று 2016-இல் தமிழக அரசே தெளிவுபடுத்தியது. சேர்ந்தவர்கள் மிகச் சிலர். ஆட்குறைப்பு என்றால் சங்கத்தைத் தேடுகிறார்கள். தினசரி மனக்கசப்புக்கு யாரும் தேடுவதில்லை.

விலகுவதா, பேசுவதா என்பது பற்றி ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலறிஞர் 1970-இல் எழுதிய நூலுக்கு நைஜீரிய ரயில்வே ஒரு தூண்டுதல். லாரிப் போக்குவரத்து வந்ததும் ரயில் திருந்தும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். திருந்தவில்லை. சத்தம் போட்டுக் கேட்கக்கூடிய வாடிக்கையாளர்கள்தான் முதலில் லாரிக்குப் போனார்கள். கேட்க ஆளில்லாத ரயில்வே அப்படியே கிடந்தது. நம் கம்பெனிகளிலும் இதையே பார்க்கிறேன். தைரியமும் திறமையும் உள்ளவர் முதலில் போகிறார். அவர் ஏன் போனார் என்று அவருக்கு மட்டும் தெரியும். அவர் இருந்த நாற்காலியில் வந்து உட்காருகிற ஆள் அதே இரவு கால்களை, அதே கத்தலைச் சந்திக்கிறார்.

அதனால்தான் பேப்பர் போடுவதற்கு முன் பேச வேண்டும் என்கிறேன். எல்லா மேனேஜரிடமும் அல்ல. தொல்லையே அந்த மேனேஜர்தான் என்றால் அவரிடம் சொல்லிப் பயனில்லை. மேனேஜருக்கும் மேலே இருப்பவரைச் சந்திக்கும் ஸ்கிப் லெவல் மீட்டிங்கிலோ எச்.ஆரிடமோதான் சொல்ல வேண்டும், எழுத்தில் சொல்ல வேண்டும். பாலியல் தொல்லை என்றால் அது மனக்குறையே அல்ல, குற்றம். அதற்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்கிறது. மற்றபடி ஷிப்ட், ப்ராஜெக்ட், வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும், ஒரே ஆளின் தலையில் விழும் சப்போர்ட் வேலை, இவையெல்லாம் ஒரு நடுத்தர மேனேஜரின் கைக்குள் இருப்பவை. ஆனால் 'சந்தோஷமா இல்லை' என்று மட்டும் சொன்னால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. "ஆறு மாசமா வாரத்துல நாலு ராத்திரி கால் எடுக்கிறேன். ரெண்டா குறைச்சா என்னால தொடர முடியும். அடுத்த மாசத்துக்குள்ள முடியுமான்னு சொல்லுங்க" என்று சொன்னால், முடியும் அல்லது முடியாது என்று பதில் வந்தாக வேண்டும்.

வேறு கம்பெனியின் ஆஃபரைக் கேடயமாக வைத்துக்கொண்டு பேசுவதை நான் ஆதரிக்கவில்லை. ஆஃபர் லெட்டரை மேசையில் போட்ட பிறகு நடப்பது பேரம். சம்பளம் கூடும், ராத்திரி கால்கள் அப்படியே இருக்கும்.

இந்தப் பேச்சுக்கே வழியில்லாதவர்கள் இன்றும் நிறையப் பேர். தி.நகர் ஜவுளிக் கடைகளுக்குத் தென் மாவட்டங்களிலிருந்து வந்து, கடை தரும் விடுதியில் தங்கி, பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்த பெண்களுக்கு மேனேஜரும் கிடையாது, எச்.ஆரும் கிடையாது, சூப்பர்வைசர் அண்ணன்தான் எல்லாம். அவரிடம் 'கால் வலிக்குது அண்ணா' என்றால் ஏச்சு விழும். அதனால் தீபாவளி போனஸ் வாங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். பிறகு, 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போயிட்டு வந்துடுறேன்' என்று கிளம்புவார்கள். திரும்ப மாட்டார்கள். அவர்களுடைய ராஜினாமாக் கடிதம் அதுதான். உட்கார நாற்காலி வேண்டும் என்பதை அவர்கள் முதலாளியிடம் கேட்டுப் பெறவில்லை. கேரளத்தில் பெண் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதால் 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021-இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது.

கால் வலி ஒரு சட்டப்பிரிவாக மாறியிருக்கிறது. ஆனால் நாற்காலி போட்ட கடையிலும் 'அண்ணன் பார்த்தா திட்டுவார்' என்று உட்காராமல் நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி சூப்பர்வைசரிடம் போய், "அண்ணா, கூட்டம் இல்லாத நேரத்துல கொஞ்சம் உட்கார்ந்துக்கிறேன்" என்று சொல்ல, அவர் தலையை ஆட்ட, அன்று மாலையே பக்கத்து கவுண்டர்ப் பெண்ணும் உட்கார வேண்டும். அடுத்த தீபாவளிக்குப் பிறகு அந்தக் கடைக்கு எத்தனை பேர் ஊரிலிருந்து திரும்பி வருகிறார்கள் என்று முதலாளிமார் எண்ணிப் பார்க்கட்டும்.