கை நழுவினாலும் கருவி விழாது

நுழையும்முன்

உயரத்தில் பணிபுரிவோரின் பாதுகாப்பு என்றதும், பணியாளர் விழாமல் காப்பதே நம் நினைவுக்கு வருகிறது. அவர் கையிலுள்ள சுத்தியலும் ஸ்பேனரும் விழாமல் காப்பதும் அதே அளவு இன்றியமையாதது. கருவியைப் பணியாளரோடு பிணைத்து வைப்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கொக்கி. அதன் வடிவமைப்பில் இயற்பியல் விதிகளும் மனித இயல்பு பற்றிய புரிதலும் இணைந்து செயல்படுவதை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு கருவி விழுந்தபோது

1980ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் மாலை. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் டமாஸ்கஸ் என்னும் சிற்றூருக்கு அருகே, நிலத்தடிக் குழிக்குள் டைட்டன்-2 ஏவுகணை ஒன்று நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் உச்சியில் அணுகுண்டு பொருத்தப்பட்டிருந்தது. வான்படைப் பணியாளர்கள் குழியின் மேற்பகுதியில் இருந்த மேடைமீது நின்று பராமரிப்புப் பணியில் ஈடுபட்டிருந்தனர். அப்போது, மறையைத் திருகப் பயன்படும் பெரிய ஸ்பேனரின் சாக்கெட் கழன்று விழுந்தது. அதன் எடை ஏறத்தாழ 4 கிலோ. மேடைக்கும் ஏவுகணைக்கும் இடையே இருந்த இடைவெளியின் வழியே அது 20 மீட்டருக்கும் மேல் கீழே சென்று, மோதித் தெறித்து, ஏவுகணையின் எரிபொருள் கலனைத் துளைத்தது.

எரிபொருள் கசியத் தொடங்கியது. அதைக் கட்டுப்படுத்த எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. மறுநாள் அதிகாலை ஏவுகணை வெடித்தது. குழியை மூடியிருந்த, நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள கதவு தூக்கி எறியப்பட்டது. ஒருவர் உயிரிழந்தார், 21 பேர் காயமடைந்தனர். அணுகுண்டு வெடிக்காமல் போனதால் பேரழிவு தவிர்க்கப்பட்டது.

அணு ஆயுதத்தைக் காக்க அங்கே எத்தனையோ பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தன. ஆனால், கழன்று விழுந்த சாக்கெட்டைத் தடுத்து நிறுத்த ஒரு கயிறோ கொக்கியோ இல்லை.

வீழ்ச்சியின் கணக்கு

விழும் பொருளின் வேகம் அதன் நிறையைப் பொறுத்தது அன்று. விழும் உயரத்தைப் பொறுத்தது. காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் எப்பொருளும் ஏறத்தாழ 2 நொடிகளில் தரையைத் தொடும். அப்போது அதன் வேகம் நொடிக்கு 19.8 மீட்டர். மணிக்கு 71 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனத்தின் வேகம் இது. மேலே நிற்பவர் எச்சரித்துக் குரல் கொடுத்தாலும், கீழே இருப்பவர் அதைக் கேட்டு, புரிந்துகொண்டு, விலகிச் செல்ல அந்த 2 நொடிகள் போதா.

நிறையின் பங்கு ஆற்றலில் தெரிகிறது. அரை கிலோ எடையுள்ள ஸ்பேனர் 20 மீட்டர் விழும்போது 98 ஜூல் ஆற்றலைப் பெறுகிறது. அந்த ஆற்றல் முழுவதும் ஸ்பேனரின் கூரிய விளிம்பு படும் சிறு பரப்பின்மீது இறங்குவதே காயத்தைக் கொடியதாக்குகிறது. தலைக்கவசம் இவ்வாற்றலின் ஒரு பகுதியைத் தாங்கும். ஆனால் கட்டடத்தை ஒட்டிய தெருவில் நடந்து செல்லும் முதியவரும் பள்ளிக்குழந்தையும் தலைக்கவசம் அணிவதில்லை. மேலே நடக்கும் பணிக்கும் அவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆபத்தில் மட்டும் பங்கு உண்டு. எனவே, விழுந்த பிறகு காப்பதைவிட விழாமல் காப்பதே சிறந்த வழியாகிறது.

பிணைத்து வைக்கும் பழைய அறிவு

கருவியை உடலோடு பிணைப்பது புதிய எண்ணம் அன்று. நம் ஊர்ப் பனையேறிகள் பாளை சீவும் அரிவாளைக் கையில் பிடித்துக்கொண்டு மரம் ஏறுவதில்லை. இடுப்பில் கட்டிய அரிவாள்பெட்டிக்குள் வைத்தே ஏறுகின்றனர். இரு கைகளும் மரத்தைப் பற்றியிருக்க வேண்டும், அரிவாளும் நழுவக்கூடாது. இவ்விரண்டு தேவைகளையும் அந்தப் பெட்டி நிறைவேற்றுகிறது.

ஐரோப்பாவில் இதே தேவை குதிரைப்படை வீரர்களுக்கு ஏற்பட்டது. ஓடும் குதிரையின்மீது இருப்பவர் தம் துப்பாக்கியைத் தோள்வாரோடு இணைத்துவைக்க ஒரு கொக்கியைப் பயன்படுத்தினார். அந்தக் குட்டைத் துப்பாக்கிக்குக் கார்பைன் என்று பெயர். அதிலிருந்தே காராபினர் என்னும் பெயர் கொக்கிக்கு வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் மலையேற்ற வீரர்கள் இவ்வகைக் கொக்கியைத் தம் கயிறுகளோடு இணைத்துப் பயன்படுத்தத் தொடங்கினர். இன்று மலையேற்றம், தீயணைப்பு, மின்கோபுரப் பணி, கட்டுமானம் எனப் பல துறைகளிலும் இது பயன்படுகிறது.

கொக்கியின் உறுப்புகள்

சுருள்வில் கொக்கியின் உறுப்புகள் சிலவே. வளைந்த உலோக உடல், உடலில் உள்ள இடைவெளியை மூடும் கதவு, கதவு திரும்புவதற்கான கீல், கதவைத் தள்ளி மூடும் சுருள்வில், கதவின் நுனி வந்து பொருந்தும் மூக்கு ஆகியவையே அவை. கதவு உள்நோக்கி மட்டுமே திறக்கும். எனவே, உள்ளே மாட்டிய வளையம் வெளிநோக்கி இழுக்கப்படும்போது கதவு திறப்பதில்லை. மூக்கோடு மேலும் இறுக்கமாகப் பொருந்துகிறது.

இவ்வமைப்பின் சிறப்பை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். கயிற்றை முடிச்சிட்டுக் கட்டினால், முடிச்சைப் போடுவதற்கு ஒருவருடைய முயற்சி வேண்டும். அவர் மறந்தால் பாதுகாப்பு இல்லை. சுருள்வில் கொக்கியில் நிலைமை நேர்மாறானது. திறப்பதற்குத்தான் முயற்சி வேண்டும். விரலை எடுத்தவுடன் அது தானே மூடிக்கொள்கிறது. பாதுகாப்பான நிலையே அதன் இயல்பான நிலை. மனிதர் களைப்படைவர், மறப்பர், பேச்சில் கவனம் சிதறுவர். இவற்றையெல்லாம் முன்கூட்டியே எண்ணிப் பார்த்த வடிவமைப்பு இது.

சுருள்வில் எவ்வளவு வலிமையாக இருக்க வேண்டும்?

வடிவமைப்பாளர் எதிர்கொள்ளும் முதல் வினா இதுவே. வில் மிகவும் கடினமாக இருந்தால், தடித்த கையுறை அணிந்த கையால் கதவைத் திறக்க இயலாது. திறக்கச் சிரமமான கொக்கியைப் பணியாளர் விரைவில் ஒதுக்கிவிடுவார். பயன்படுத்தப்படாத பாதுகாப்புக் கருவியால் யாருக்கும் பயனில்லை. வில் மிகவும் இளக்கமாக இருந்தால், கதவு தானே திறந்துகொள்ளும்.

சுருள்வில்லின் விசை அதன் சுருக்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஹூக் விதி. கதவு மூடியிருக்கும்போதே வில் ஓரளவு அழுத்தப்பட்டிருக்குமாறு பொருத்துவர். இதை முன்னழுத்தம் எனலாம். கதவின் நுனியில் மதிப்பிட்டால், ஒவ்வொரு மில்லிமீட்டர் நகர்வுக்கும் விசை 1 நியூட்டன் கூடுவதாகவும், முன்னழுத்த விசை 5 நியூட்டன் எனவும் கொள்வோம். கதவை 10 மில்லிமீட்டர் திறக்க 15 நியூட்டன் விசை தேவைப்படும். 5 நியூட்டனுக்குக் குறைந்த எந்த விசையாலும் கதவு அசையாது.

இந்த 5 நியூட்டன் போதுமா? கொக்கி 1 மீட்டர் விழுந்து ஓர் இரும்புத் தூணில் மோதி, அரை சென்டிமீட்டர் தொலைவுக்குள் நின்றுவிடுவதாகக் கொள்வோம். கொக்கியின் உடல் நின்றாலும், நிலைமத்தின் காரணமாகக் கதவு தொடர்ந்து செல்ல முயலும். கதவின் நிறை 5 கிராம் எனவும், அது முழுவதும் நுனியில் இருப்பதாகவும் எளிமையாக்கிக் கணக்கிட்டால், கதவைத் திறக்க முயலும் விசை ஏறத்தாழ 9.8 நியூட்டன். இது முன்னழுத்தத்தைவிட மிகுதி. எனவே, மோதும் திசை வாய்ப்பாக அமைந்தால் ஒரு கணம் கதவு திறந்துகொள்ளும்!

இதற்குத் தீர்வு என்ன? வில்லைக் கடினமாக்குவது ஒரு வழி. அதனால் விரலுக்குச் சிரமம் கூடும். கதவின் நிறையைக் குறைப்பது மற்றொரு வழி. கனமான தண்டுக்கு மாற்றாக வளைத்த கம்பியையே கதவாக்கி, நிறையை 2 கிராமாகக் குறைத்தால், அதே மோதலில் விசை 3.9 நியூட்டனாகக் குறைகிறது. கதவு திறப்பதில்லை. கம்பிக்கதவுக் கொக்கிகள் உருவானதன் அடிப்படைகளுள் இதுவும் ஒன்று.

மூடிய வளையமும் திறந்த கொக்கியும்

கதவு மூடியிருந்தால் கொக்கி ஒரு முழு வளையம். இழுவிசையை உடலின் தண்டும் கதவும் பகிர்ந்துகொள்கின்றன. கதவு திறந்திருந்தால், தண்டு மட்டுமே சுமையைத் தாங்கும். அதனோடு வளைவதற்கும் நேரும். மலையேற்றத்திற்கான அடிப்படைவகைக் கொக்கி, நீளவாக்கில் கதவு மூடிய நிலையில் குறைந்தது 20 கிலோநியூட்டனும், திறந்த நிலையில் 7 கிலோநியூட்டனும் தாங்க வேண்டும் என ஐரோப்பியத் தரநிலை கூறுகிறது. ஒரு சிறு கதவு மூடியிருப்பதற்கும் திறந்திருப்பதற்கும் இடையே எவ்வளவு பெரிய வேறுபாடு!

கதவு திறக்க மோதல் மட்டுமே காரணம் அன்று. கயிறு முறுக்கிக்கொண்டு கதவின்மீது குறுக்கே விழுந்து அழுத்தினாலும் அது திறந்துகொள்ளும். இதைத் தடுக்கப் பூட்டுக் கதவுகள் உள்ளன. சிலவற்றில் மரையுள்ள உறையைச் சுழற்றிப் பூட்ட வேண்டும். வேறு சிலவற்றில் உறை தானே திரும்பிப் பூட்டிக்கொள்ளும். திறப்பதற்கு உறையைத் திருப்புதல், கதவை அழுத்துதல் என இரண்டு செயல்கள் தேவை. தற்செயலாக ஒரு செயல் நிகழலாம். இரண்டும் அடுத்தடுத்துத் தற்செயலாக நிகழ்வது அரிது.

பிணைக்கயிற்றின் பங்கு

கொக்கி வலிமையாக இருந்தால் மட்டும் போதாது. 2 கிலோ சுத்தியல் 1 மீட்டர் நீளக் கயிற்றில் பிணைக்கப்பட்டு, 1 மீட்டர் விழுவதாகக் கொள்வோம். நீளாத கயிறு அதை 1 சென்டிமீட்டர் தொலைவுக்குள் நிறுத்தினால், சராசரி விசை ஏறத்தாழ 1980 நியூட்டன். அது 200 கிலோ எடைக்கு நிகரான இழுப்பு. பணியாளரின் இடுப்புவாரில் இந்த இழுப்பு விழுந்தால், அவரே நிலைதடுமாறக்கூடும். மீள்தன்மையுள்ள நாடா 20 சென்டிமீட்டர் நீண்டு நிறுத்தினால், சராசரி விசை 118 நியூட்டனாகக் குறைகிறது. ஆகவேதான் கருவிகளுக்கான பிணைக்கயிறுகளைப் பெரும்பாலும் நீளும் நாடாவால் செய்கின்றனர். கனமான கருவிகளைப் பணியாளரின் உடலோடு பிணைக்காமல், உறுதியான கட்டமைப்போடு பிணைக்க வேண்டும் என்பதன் காரணமும் இதுவே.

கருவியின் பக்கமும் கவனம் வேண்டும். கைப்பிடியில் நாமே துளையிட்டுக் கயிற்றைக் கோத்தால், கைப்பிடி வலுவிழக்கும். அதற்கென அமைந்த வளையங்களையே பொருத்த வேண்டும். கருவி, இணைப்பு வளையம், கயிறு, கொக்கி, தாங்கும் இடம் ஆகிய ஐந்தும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். மிக வலுவற்ற கண்ணியின் வலிமையே சங்கிலியின் வலிமை.

இங்கு மறக்கக்கூடாத எச்சரிக்கை ஒன்று உண்டு. கருவிக்கான கொக்கியும் சாவிக்கொத்துக்கான கொக்கியும் தோற்றத்தில் மலையேற்றக் கொக்கியைப் போலவே இருக்கலாம். அவை மனித உடலின் சுமையைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. தோற்றத்தை நம்பி உயிரை ஒப்படைத்தல் கூடாது.

தெரிந்து தெளிவோம்

விண்வெளியில் நழுவும் கருவி கீழே விழுவதில்லை. மிதந்து அகன்று செல்கிறது. 2008ஆம் ஆண்டு நவம்பரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்கு வெளியே பணியாற்றிய விண்வெளி வீரரிடமிருந்து கருவிப்பை ஒன்று மிதந்து சென்றுவிட்டது. 2023ஆம் ஆண்டு நவம்பரிலும் இவ்வாறு ஒரு பை தவறியது. விண்வெளியில் கருவியை இடம் மாற்றும்போது, புதிய இணைப்பை முதலில் மாட்டிய பின்னரே பழைய இணைப்பைக் கழற்ற வேண்டும். சாரத்தின்மீது ஒருவர் மற்றொருவரிடம் கருவியைக் கொடுக்கும்போதும் இம்முறையே ஏற்றது.

நிறைவாக

கருவிகள் விழாமல் தடுக்கும் பொருள்களுக்கெனத் தனித் தரநிலை ஒன்று 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. தாங்குமிட இணைப்புகள், கருவி இணைப்புகள், பிணைக்கயிறுகள், கொள்கலன்கள் என நான்கு வகைகளை அது வரையறுக்கிறது. பனையேறியின் அரிவாள்பெட்டி அந்த நான்காம் வகையைச் சார்ந்தது எனலாம்.

‘கவனமாக இரு’ என்பது அறிவுரை. கவனம் தவறிய நொடியிலும் தீங்கு நேராதபடி ஒரு பொருளைச் செய்வது பொறியியல். உயரத்தில் நிற்பவருக்கும் கீழே நடப்பவருக்கும் அறிமுகம் இல்லை. அவ்விருவரையும் காக்கும் பொறுப்பை ஒரு சிறு கொக்கியும் அதனுள் இருக்கும் சுருள்வில்லும் ஏற்றுக்கொள்கின்றன. அதை உருவாக்குபவர் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் எண்ணிப் பார்ப்பது, தாம் ஒருபோதும் காணப்போகாத ஒருவரின் உயிருக்காகவே.

கற்பவை கற்றபின்…

1. பைகளின் வார், சாவிக்கொத்து, கால்நடைகளைக் கட்டும் சங்கிலி ஆகியவற்றில் உள்ள கொக்கிகளை உற்றுநோக்குக. அவற்றின் கதவு, கீல், சுருள்வில் ஆகியவற்றை வரைந்து பெயர் குறிக்க.
2. 1 கிலோ சுத்தியல் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், தரையைத் தொடும்போது அதன் வேகத்தையும் ஆற்றலையும் கணக்கிடுக.
3. உங்கள் பகுதியில் உயரத்தில் பணிபுரியும் ஒருவரிடம், கருவிகளை எவ்வாறு பாதுகாப்பாகக் கொண்டுசெல்கிறார் எனக் கேட்டறிந்து, நேர்காணலாக எழுதுக.
4. ‘விபத்தைத் தடுப்பதில் பெரும்பங்கு பணியாளரின் கவனத்திற்கா, கருவியின் வடிவமைப்பிற்கா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

கலைச்சொல் அறிவோம்

சுருள்வில் – ஸ்பிரிங்
கதவு – கேட்
பிணைக்கயிறு – லேன்யார்டு
நிலைமம் – இனெர்ஷியா
தரநிலை – ஸ்டாண்டர்டு