கோடுகளில் தொடங்கும் படிப்பு

சென்னை எழும்பூரை அடுத்து, பெரியார் நெடுஞ்சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி 1850-இல் தொடங்கப்பட்டது. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் சொந்த முயற்சியில் நடத்திய பள்ளி அது. இரண்டே ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. மரவேலை, உலோக வேலை, மட்பாண்டம் என்று கைத்தொழில் தெரிந்தவர்களைத் தயாரிப்பதே அப்போதைய முதல் நோக்கம். அதன் முதல் இந்தியத் தலைவரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1957 வரை ஏறத்தாழ முப்பதாண்டுகள் பொறுப்பில் இருந்த காலத்தில்தான் ஓவியமும் சிற்பமும் அங்கே நடுவிடத்துக்கு வந்தன. மெரினாவில் பாறையை நெம்பும் நால்வரின் உழைப்பாளர் சிலை அவர் செய்தது.

கைத்தொழில் பள்ளியாக இருந்ததன் சாயல் இன்றைய பாடத்திட்டத்திலும் உண்டு. அது நல்லதே. பிளஸ் டூ முடித்தவர்கள் வரைதிறன் தேர்வு எழுதிச் சேரும் இளங்கலைப் படிப்பு நான்கு ஆண்டுகள். தொடக்கத்தில் எல்லோருக்கும் அடிப்படைப் பயிற்சிதான்: பென்சில், கரி, கோடு, நிழல், வண்ணக் கலவை. குடம், துணி, பழம் ஆகியவற்றை அடுக்கிவைத்து வரைவார்கள். பிறகு அசையாமல் உட்கார்ந்திருக்கும் மாடலைப் பார்த்து வரைவார்கள். முகம் அழகாக வந்திருக்கிறதா என்று ஆசிரியர் முதலில் பார்ப்பதில்லை. உடம்பின் எடை எந்தக் காலில் இறங்குகிறது, தோளும் இடுப்பும் எப்படிச் சாய்கின்றன என்றுதான் பார்ப்பார்.

இதைவிடக் கடினமானது வெளியே போய் வரைவது. ரயில் நிலையத்திலும் சந்தையிலும் யாரும் மாணவருக்காக நிற்கமாட்டார்கள். மூட்டை தூக்குபவர் நிமிர்வதற்குள் நான்கைந்து கோடுகளில் அவரைப் பிடித்தாக வேண்டும். கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்யப் பழகுவது இங்கேதான். ஸ்கெட்ச் நோட்டு தீரத் தீர வரையாதவருக்கு எந்த வகுப்பும் உதவாது.

பிறகு துறை பிரியும். சிற்ப மாணவர் இரும்புக் கம்பியால் எலும்புக்கூடு கட்டி, அதன்மேல் களிமண் அப்பி உருவம் செய்கிறார். அதற்குப் பிளாஸ்டர் அச்சு எடுத்து, சிமென்டிலோ ஃபைபரிலோ வார்க்கிறார். கம்பி சரியாக நிற்கவில்லை என்றால் பல நாள் உழைப்பு ஒரே இரவில் சரிந்துவிடும். அச்சோவிய மாணவர்கள் எட்சிங் முறையில் துத்தநாகத் தகட்டில் மெழுகுக் கலவை பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் வைக்கிறார்கள்; கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும், அந்தப் பள்ளத்தில் தேங்கும் மை காகிதத்தில் படமாக இறங்கும். விளம்பரம், நூல் வடிவமைப்பு போன்ற வேலைகளை நாடுவோருக்குக் காட்சித் தொடர்பு வடிவமைப்பும், மட்பாண்டம், துணி வடிவமைப்பு போன்ற பிரிவுகளும் உள்ளன.

தனக்கென ஒரு நடை கடைசியில்தான் வரும். ராய் சௌத்ரிக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் இதற்குச் சான்று. நிலக்காட்சிகளில் தொடங்கியவர், ஐம்பது வயதைத் தாண்டியபின் எழுத்துகளையும் குறியீடுகளையும் ஓவியமாக்கிய வரிசையில்தான் தமக்கே உரிய மொழியைக் கண்டார். படிப்பு முடிந்தால் பிழைப்பு என்ன என்ற கேள்வியையும் அவர் தட்டிக்கழிக்கவில்லை. அவர் தலைமையில் ஓவியர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்கள்.

ஈஞ்சம்பாக்கத்தில் அந்தக் கிராமம் இன்றும் இருக்கிறது; அங்குள்ள காட்சியகத்தில் அந்தத் தலைமுறையின் ஓவியங்களையும் சிற்பங்களையும் பார்க்கலாம். பிள்ளையை ஓவியக் கல்லூரியில் சேர்க்கத் தயங்கும் பெற்றோர், விண்ணப்பம் வாங்கும் முன் ஒருமுறை அங்கே போய்வர வேண்டும்.